வறுத்த பாதாமும் எங்கள் தேத்தண்ணித் தட்டும்

"டொக்டர், பாதாம் சாப்பிடலாமோ? கொழுப்பெல்லோ?" சீனி வருத்தமோ கொலஸ்ரரோலோ இருக்கிறதென்று தெரிந்தவுடன் எம்மவர்கள் கேட்கும் முதற் கேள்விகளில் இதுவும் ஒன்று. இதற்கு நேரெதிரான ஒரு பகுதியினரும் இருக்கிறார்கள். பாதாம் இதயத்துக்கு நல்லதென்று எங்கோ கேள்விப்பட்டு, மொத்த விற்பனைக் கடையில் ஒரு கிலோப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தொலைக்காட்சித் தொடர் முடிவதற்குள் காற்பங்கைத் தீர்த்துவிடுவார்கள். இரு பகுதியினருமே பாதாமைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்பது எமது கருத்து.

முதலில் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்போம். எண்ணெய் சேர்க்காமல் வறுத்த பாதாம் 28 கிராம், எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய 23 பருப்புகள், ஒரு கைப்பிடி. அதில் சுமார் 170 கலோரி, 6 கிராம் புரதம், 3 கிராம் நார்ச்சத்து, 80 மில்லிகிராம் அளவில் மக்னீசியம் உண்டு. விற்றமின் ஈ ஏறத்தாழ 7 மில்லிகிராம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையானதில் கிட்டத்தட்ட பாதி. கொழுப்பு 15 கிராம்தான், மறைக்கவில்லை. ஆனால் அதில் நிறைவுற்ற கொழுப்பு 1 கிராமுக்குச் சற்று மேல் மட்டுமே. பெரும்பகுதி ஒலிவ் எண்ணெயில் உள்ள அதே வகைக் கொழுப்பு. கொலஸ்ரரோல் பூச்சியம். மரத்தில் காய்க்கும் எதிலும் கொலஸ்ரரோலைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

வறுத்தால் சத்தெல்லாம் போய்விடுமே என்பது அடுத்த கேள்வி. போகாது. வறுக்கும்போது பெரும்பாலும் வெளியேறுவது தண்ணீர். அதனால் 100 கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் கலோரி 580 இலிருந்து 600 அளவுக்கு ஏறுகிறது. விற்றமின் ஈ சிறிது குறைகிறது. புரதமும் தாதுக்களும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. இரவில் ஊறவைத்துத் தோலை உரித்துத்தான் சாப்பிடவேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கும் ஒரு சொல்: நார்ச்சத்தில் ஒரு பங்கு அந்தத் தோலில்தான் இருக்கிறது. பல்லுக்கு இதமாக இருக்கிறதென்றால் ஊறவையுங்கள், வேறு பெரிய இலாபம் கிடையாது.

இன்னொன்று. இங்கே கடையில் 'பச்சை' என்று விற்கப்படும் கலிபோர்னியப் பாதாமும் உண்மையில் முழுப் பச்சை இல்லை. 2000-2001 இல் எமது ஒன்ராறியோ உட்பட கனடாவில் பலர் பச்சைப் பாதாமில் இருந்த சல்மனெல்லாக் கிருமியால் நோயுற்றார்கள். பின்னரும் ஒரு தொற்று ஏற்பட்டதால், 2007 செப்ரெம்பரில் இருந்து வட அமெரிக்கச் சந்தைக்கு வரும் கலிபோர்னியப் பாதாம் அனைத்தும் கிருமி நீக்கம் செய்யப்படவேண்டும் என்று சட்டம் வந்தது. ஆகவே பச்சையா வறுத்ததா என்று கடை வாசலில் நின்று வாதாடுவது வீண் வேலை.

வாதாட வேண்டிய விடயம் வேறு. பாதாமை எதற்குப் பதிலாகச் சாப்பிடுகிறோம்?

2002 இல் ரொறன்ரோவில் பேராசிரியர் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உணவுகளின் கிளைசீமிக் குறியீடு என்ற கணக்கை 1981 இல் உலகுக்குத் தந்தவர் இவரே. கொலஸ்ரரோல் கூடிய 27 பேருக்கு ஒரு மாதம் நாளொன்றுக்கு 73 கிராம் முழுப் பாதாம், இன்னொரு மாதம் அதில் பாதி, மற்றொரு மாதம் பாதாமே இல்லாமல் முழுக்கோதுமை மஃபின். பாதாம் கூடிய மாதத்தில் கெட்ட கொலஸ்ரரோல் 9.4 வீதம் குறைந்தது. பாதி அளவில் 4.4 வீதம். பாதாம் ஆய்வுகளில் பலவற்றுக்குப் பணம் கொடுப்பது கலிபோர்னியப் பாதாம் சபை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இந்த ஆய்வு அமைக்கப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. மஃபின் இருந்த இடத்தில் பாதாம் வந்தது. மஃபினையும் தின்று பாதாமையும் தின்றவர்கள் அல்ல இவர்கள்.

இப்போது எங்கள் வீடுகளுக்கு வருவோம். பின்னேரம் சீனி போட்ட பால் தேத்தண்ணி. கூடவே கிறீம் பிஸ்கட், முறுக்கு, மிக்ஸர். விருந்தினர் வந்தால் ரோல்ஸ், பற்றிஸ், கேக். இதற்கெல்லாம் யாரும் "டொக்டர், சாப்பிடலாமோ?" என்று கேட்பதில்லை. கொழுப்பென்று ஒதுக்கப்படுவது பாதாம் மட்டும். நல்லதென்று நம்புகிறவர் வீட்டிலோ, அதே தட்டின் நடுவில் ஒரு கிண்ணம் பாதாமும் கூடுதலாக வந்து சேர்கிறது!

இந்தத் தட்டு ஏன் நிரம்பி வழிகிறதென்று எமக்கு விளங்காமல் இல்லை. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் நடந்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அகதி வாழ்க்கையைக் கண்ட எமக்கு, வந்தவர் முன்னால் வெறும் தேத்தண்ணியை வைக்க மனம் வராது. அதே நேரத்தில் இதையும் சொல்லியாகவேண்டும். ஹமில்ரனில் உள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று 52 நாடுகளில் நடத்திய ஆய்வின் ஒரு பகுதி 2007 இல் வெளியானது. இலங்கையும் இந்தியாவும் உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் 59 ஐ நெருங்குகிறது. ஐம்பது தாண்டிய எமது தலைமுறைக்கு இது வெறும் புள்ளிவிபரம் இல்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் மரணச்சடங்குகளுக்குப் போய்வருகிறோம்.

எனவே நாம் கேட்பது தட்டை வெறுமையாக்கும்படி அல்ல. பிஸ்கட்டும் மிக்ஸரும் இருந்த இடத்தில் ஒரு கைப்பிடி வறுத்த பருப்பு இருக்கட்டும். மாச்சத்துக் குறைவாகவும் நார்ச்சத்துக் கூடவும் இருப்பதால், சாப்பிட்டபின் இரத்தத்தில் சீனி பிஸ்கட்டுக்கு ஏறுவதுபோல் ஏறாது. வயிறும் நிறையும். கலோரி பற்றிப் பயப்படுபவர்களுக்கு ஓர் ஆறுதல்: 2012 இல் அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வாளர்கள் அளந்தபோது, முழுப் பாதாமில் உள்ள சக்தியில் ஒரு பங்கை உடல் எடுத்துக்கொள்ளாமலே வெளியேற்றுவதைக் கண்டார்கள். வறுத்ததில் இந்தச் சலுகை சற்றுக் குறைவு. அரைத்துக் களியாக்கினால் அநேகமாக இல்லை.

பாதாம் விலையென்று முகம் சுளிக்க வேண்டாம். எங்களுடைய கச்சான் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவில் சூடான மணலில் வறுத்து, கடதாசிச் சுருளில் அளந்து தருவார்களே, அதே கச்சான்தான். எண்ணெய் இல்லை. ஊரில் உப்பும் அதிகம் இல்லை. புரதத்தில் பாதாமை விடக் கொஞ்சம் கூட. நல்ல கொழுப்பும் உண்டு. கல்சியத்திலும் விற்றமின் ஈ யிலும் பாதாம் முந்துகிறது. அந்த வித்தியாசத்துக்காக மூன்று மடங்கு காசு கொடுக்கவேண்டும் என்று ஒரு வைத்தியராக நாம் சொல்லமாட்டோம். பூஞ்சணம் பிடித்த கச்சானை மட்டும் தயங்காமல் எறிந்துவிடுங்கள், அதிலுள்ள நஞ்சு வறுத்தாலும் முற்றாகப் போகாது.

வாங்கும்போது பையைத் திருப்பிப் பாருங்கள். உப்புப் போட்டது, தேன் பூசியது, புகை மணம் ஏற்றியது எல்லாம் ஒரே அலுமாரியில்தான் இருக்கும். சோடியம் 5 வீதம் அல்லது அதற்குக் கீழ் என்றால் குறைவு, 15 வீதமும் அதற்கு மேலும் என்றால் அதிகம். அந்த வீதம் எத்தனை கிராமுக்கென்றும் பாருங்கள். வீட்டில் வறுப்பதே நல்லது. அவணை 275 பாகை பரனைற்றில் வைத்து, தட்டில் ஒரே படையாகப் பரப்பி, 25 நிமிடமளவில், உள்ளே இளம்பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். கருக வறுத்தால் அக்ரிலமைட் என்ற வேண்டாத பொருள் கூடுகிறது. வறுத்தது பச்சையை விட விரைவில் பழுதாகும் என்பதால் இறுக்கமான போத்தலில் குளிர்பெட்டியில் வையுங்கள்.

சிறுநீரக நோய் முற்றியவர்கள் பாதாமில் உள்ள பொற்றாசியம், பொஸ்பரஸ் பற்றித் தமது வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கக்கூடாது. ஒக்சலேற் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்களும் அப்படியே. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எந்தப் பருப்பையும் முழுதாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். பிறந்தநாளுக்கோ பொங்கலுக்கோ அயல் வீட்டுப் பிள்ளைகளை அழைக்கும்போது, யாருக்காவது கச்சான், பருப்பு ஒவ்வாமை இருக்கிறதா என்று தாய் தகப்பனிடம் முதலே கேட்டுவிட்டுத் தட்டை வையுங்கள்.