உடல்நல உரை: சோதனைத் தாளில் ஓர் எண்

இவ்வாரம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று ஒரு மாணவருடையது. அவருடைய தந்தையாருக்குப் பெருங்குடலிற் புற்றுநோய் கண்டிருக்கின்றது. அடுத்த மாதம் சத்திர சிகிச்சை. இதற்கிடையில் இரத்தப் பரிசோதனைத் தாளிலே சீ.ஆர்.பி. 38 என்று இருப்பதைப் பார்த்த அயலவர் ஒருவர், "இவ்வளவு ஏறினால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கூறிச் சென்றாராம். தாயார் அன்று தொடக்கம் சரியாக உணவு கொள்வதில்லையென எழுதுகிறார். அயலவரெல்லாம் வைத்தியராகும் வழக்கம் நம்மிடையே என்றுதான் ஒழியுமோ!

சீ.ஆர்.பி. என்பது ஒரு புரதம். 1930ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் ரொக்பெல்லர் நிலையத்தில் தில்லெற், பிரான்சிஸ் என்னும் இருவர் நியூமோனியா நோயாளரின் இரத்தத்தில் இதனைக் கண்டறிந்தனர். உடலின் எப்பாகத்திலேனும் அழற்சி தோன்றினால் ஈரல் சில மணி நேரத்துள் இதனைப் பெருமளவில் ஆக்கி இரத்தத்திற் கலந்துவிடும். காரணம் நீங்கியதும், ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை இதன் அளவு பாதியாகும். காய்ச்சலாலும் ஏறும், பல்லடியிற் கட்டிய சீழாலும் ஏறும். வீட்டின்மேல் எழும் புகை போன்றது இது. நெருப்பு அடுப்படியிலா கூரையிலா என்று புகை சொல்வதில்லை.

ஆயின் புற்றுநோய்க்கும் இதற்கும் உறவு யாது? கட்டிகளுள் வெண்குழியங்கள் காணப்படுவதைக் கொண்டு, அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்புண்டென்று ஜேர்மானிய அறிஞர் விர்ஷோ 1863இலேயே கருதினார். எனினும் வைத்தியர்கள் நெடுங்காலம் கட்டியை மாத்திரமே அளந்து வந்தனர். 1932இல் லண்டன் சென். மார்க்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த டியூக்ஸ், கட்டி குடற்சுவரை எவ்வளவு தூரம் ஊடுருவியது, நிணநீர்க் கணுக்களை எட்டியதா என்று நோக்கி நோயை ஏ, பீ, சீ என வகுத்தார். இன்றைய படிநிலைகளும் அவ்வழி வந்தவையே. மிகவும் பயனுள்ள முறைதான். ஆனாலும் ஒரே படியிலுள்ள இருவருள் ஒருவர் நலமாக வாழ, மற்றவருக்கு நோய் மீள்வது ஏன் என்பதற்கு அதில் முழு விடை கிடைக்கவில்லை.

ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகர ஆய்வாளர் 2003 முதல் நோயைத் தாங்கும் உடலையும் அளக்கத் தலைப்பட்டனர். முதலில் நுரையீரற் புற்றுநோயிலும், பின்னர் குடற் புற்றுநோயிலும் ஆராய்ந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டவை செலவு குறைந்த இரு சோதனைகளே. சீ.ஆர்.பி. ஒரு லீற்றரில் 10 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் 1 புள்ளி. அத்துடன் அல்புமின் என்னும் புரதமும் லீற்றருக்கு 35 கிராமுக்குக் குறைந்திருந்தால் 2 புள்ளி. ஒரே படிநிலையிலும் புள்ளி கூடியவர்களின் ஆயுள் சராசரியிற் குறைந்திருந்தது. பிற நாட்டு ஆய்வுகளும் இதனையே கண்டன. நீடித்த அழற்சி பசியைக் கெடுத்துத் தசையைக் கரைப்பது இதற்கொரு காரணம்.

வியப்பு யாதெனில், அழற்சியெல்லாம் தீதன்று. கட்டியின் உள்ளே ரீ-குழியங்கள் என்னும் காவற் குழியங்கள் நிறைந்திருந்த நோயாளருக்கு நோய் மீள்வது குறைவென்று பாரிஸ் நகரத்து கலோனும் அவர் குழுவினரும் 2006இல் வெளியிட்டனர். போர்க்களத்திற் படை நிற்பது நன்று. நாடெங்கும் கலகம் பரவுவதுதான் கேடு.

இனி அந்த 38க்கு வருவோம். புள்ளிக் கணக்கு பல நூறு பேரின் சராசரி. ஒரு தனி மனிதரின் நாட்களை அது எண்ணித் தராது. தம்பி, வைத்தியரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இரத்தம் எடுத்த நாளில் தந்தையாருக்கு வேறு தொற்று ஏதும் இருந்ததா? அல்புமின் எவ்வளவு? அண்மையில் அவர் மெலிந்திருந்தால் அதனையும் மறவாமற் கூறுங்கள். சத்திர சிகிச்சைக்கு முன்னர் உணவால் உடலைத் தேற்ற அவகாசம் இருக்கின்றது. எண்ணைக் குறைக்கவென்று அஸ்பிரின் போன்றவற்றைத் தாமாக விழுங்கவிடாதீர்கள். குடலில் இரத்தப் பெருக்கை அது கூட்டக்கூடும்.

சத்திர சிகிச்சைக்குப் பின்னர் இதே எண் இரண்டு மூன்று நாட்களில் 100க்கு மேலும் ஏறலாம். அது காயத்தின் இயல்பு, அஞ்ச வேண்டாம். நான்காம் நாளிலும் அது 150 அளவில் இறங்காது நின்றால், தைத்த குடல் கசிகின்றதோ என வைத்தியர் ஆராய்வர். நன்றாக இறங்கிவிட்டால் கசிவு இருப்பது அரிது. அன்று அயலவரும் வந்து அந்தத் தாளைப் பார்க்கட்டும்.

தாயாரை இன்றே உணவு கொள்ளச் செய்யுங்கள். நோயாளரைப் பார்த்துக்கொள்ள அவருக்கும் பலம் வேண்டும்.