தராசும் திருஷ்டியும்

ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தவுடன் இரண்டு கணக்குகள் குறிக்கப்படுகின்றன. ஒன்று பிறந்த நேரம், மற்றொன்று எடை. நம்மவர்கள் நேரத்தை எடுத்துக் கொண்டு ஜோசியன் வீட்டுக்கு ஓடுகிறார்கள். எடையை மறந்து விடுகிறார்கள். அங்கன்வாடியில் மாதந்தோறும் நிறுக்கக் கூப்பிட்டாலோ, "கண் பட்டு இளைத்துவிடும்" என்கிறார்கள். நெல்லை அளந்தால் நெல் குறைகின்றதா? தங்கத்தை நிறுத்தால் தங்கம் தேய்கின்றதா? பிள்ளைக்கு மாத்திரம் ஏன் இந்தப் பயம் என்று கேட்கின்றோம்.

பிறந்த சில நாளில் எடை சிறிது குறைவது இயற்கை. சுமார் இரண்டு வாரத்தில் அது திரும்பிவிடும். இதற்குள் "தோஷம்" என்று தாயத்துக் கட்டுகிறவன், தானாக வந்த எடைக்குத் தட்சணை வாங்கிக் கொள்கிறான். சாதாரணமாக ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடை இரட்டிக்கும். ஒரு வருஷத்தில் மும்மடங்காகும். 50 சென்டிமீட்டர் நீளம் 75 ஆகும். எடை ஏறாமல் நின்றால் அதைக் காட்டிக் கொடுப்பது தராசே. அப்போது போக வேண்டிய இடம் டாக்டர் வீடேயொழிய மந்திரிக்கிறவன் வீடல்ல.

உலக சுகாதார ஸ்தாபனம் 1997 முதல் 2003 வரை இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில், தாய்ப்பாலும் நல்ல வாழ்வும் கிடைத்த குழந்தைகளை அளந்து பார்த்தது. நிறமும் மதமும் வேறாயிருந்தும் அவர்கள் நீளத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே வளர்ந்தார்கள். அப்படியானால் நம் ஏழைக் குழந்தைகள் குட்டையாயிருப்பது தலைவிதியா? இல்லை, சோறும் சுகாதாரமும் மறுக்கப்பட்டதன் பலனேயாகும்.

தராசுக்கு ஜாதி தெரியாது. தோழர்களே! அடுத்த மாதம் தாய்மார்களை மாத்திரம் அனுப்பாமல், நீங்களே பிள்ளையைத் தூக்கிக் கொண்டு போங்கள்.