முதல் புத்தகம் எது?

தோழர்களே, சேரியில் வாசிப்பு வட்டம் தொடங்கினால் வீட்டில் ஒன்றுதான் சொல்வார்கள்: "பரீட்சைக்குப் படிங்கடா, அது போதும்." போதுமா? அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 மார்க் எடுத்தார். நீட் அவரை வெளியே நிறுத்தியது. 2017 செப்டம்பர் 1இல் அவரை இழந்தோம். இன்று அந்த ஊரில் அவர் பெயரில் நூலகம் இருக்கிறது. மார்க் எடுத்தும் கதவு ஏன் திறக்கவில்லை என்பதைப் பாடப்புத்தகம் சொல்லாது.

அம்பேத்கரின் 'சாதியை அழித்தொழித்தல்' சொல்லும். 1936இல் லாகூர் மாநாட்டுக்காரர்கள் அந்த உரையில் சில பகுதிகளை வெட்டச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாநாடே ரத்தானது. சொந்தக் காசில் அச்சிட்டார்.

ஆனால் அடுத்தவனைக் கேள்வி கேட்கும் புத்தகம் மட்டும் போதாது. பெரம்பலூரில் பிறந்த சிவகாமியின் 'பழையன கழிதலும்' நாவலை அடுத்து எடுங்கள். தலித் தலைவர் ஒருவரின் வீட்டுக்குள் இருக்கும் ஆணாதிக்கத்தை அது போட்டு உடைக்கிறது. நம்மாளை நாமே விட்டுக்கொடுக்கலாமா என்று கோபம் வரும். வரட்டும். பிறகு 'ஆசிரியர் குறிப்பு' எழுதித் தன் நாவலையே கேள்விக்கு உட்படுத்தியவர் அவர்.

உங்கள் வட்டத்தில் பெண்கள் எத்தனை பேர்? மூன்றாவது புத்தகத்தை அவங்க தேர்ந்தெடுக்கட்டும். எழுத்துத் தெரியாத அம்மாக்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். விவாதம் அங்கேதான் சூடுபிடிக்கும்.