வைத்தியர் யார், பணம் யாருடையது? திருகோணமலையில் கேட்கப்படாத இரண்டு கேள்விகள்

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்துக் காத்திருப்பவர் இரண்டு கேள்விகளைக் கேட்பதில்லை. என்னைப் பார்க்கப்போகும் வைத்தியர் எங்கே, என்ன படித்தவர்? இதற்கு யார் பணம் கட்டுவது? இலவச சுகாதார சேவை தந்திருக்கும் நிம்மதி அது. ஆனால் அதே நோயாளி மாலையில் நகரத்துத் தனியார் நிலையமொன்றுக்குச் ‘சனல்’ பண்ணிப் போகும்போதும் அந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

காலையில் அரச வைத்தியசாலையில் கிளினிக் நடத்தும் விசேட வைத்திய நிபுணரே பெரும்பாலும் மாலையில் சனல் நிலையத்திலும் இருக்கிறார். இதில் சட்டவிரோதம் எதுவுமில்லை. எழுபதுகளின் முற்பகுதியில் அரச வைத்தியர்களுக்குத் தனியார் தொழில் மறுக்கப்பட்டிருந்தது. 1977 ஆட்சி மாற்றத்தோடு கடமை நேரத்துக்கு வெளியே அதைச் செய்ய மீண்டும் அனுமதி கிடைத்தது. நிபுணர்கள் குறைவாக உள்ள மாவட்டத்தில் இதன் விளைவு எளிமையானது: ஒரே வைத்தியரிடம் போக இரண்டு வாசல்கள். ஒன்றில் நேரம் செலவாகிறது, மற்றதில் பணம் செலவாகிறது.

அந்தப் பணம் யாருடையது? அரச ஊழியருக்கு ‘அக்ரஹார’ காப்புறுதி உண்டு. சம்பளத்திலிருந்து மாதாந்தம் ஒரு தொகை கழிக்கப்படுகிறது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. பாடசாலை மாணவருக்கு 2017இல் ‘சுரக்ஷா’ வந்தது. பெரிய கம்பனிகளின் ஊழியர்கள் பலருக்குக் குழுக் காப்புறுதி இருக்கிறது. மூதூரிலிருந்து கடலுக்குப் போகிறவருக்கும், கிண்ணியாவில் நாட்கூலிக்கு வேலை செய்பவருக்கும், உப்புவெளியில் வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் இவற்றில் எதுவும் இல்லை. 2023இல் தொடங்கிய அஸ்வெசும பண உதவிதான். அதனோடு மருத்துவக் காப்புறுதி இணைக்கப்படவில்லை. சத்திரசிகிச்சைக்கு ஜனாதிபதி நிதியத்திடம் விண்ணப்பிக்கலாம். 2025 முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பத்தைக் கொடுக்க முடிகிறது என்பது நல்ல மாற்றம். ஆனால் அது உதவி மட்டுமே, உரிமை அல்ல.

காப்புறுதி உள்ளவருக்கும் எல்லாம் கிடைத்துவிடுவதில்லை. அக்ரஹார முதன்மையாக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுப் பெறும் சிகிச்சைக்கானது. மாலைநேரச் சனல் கட்டணமும், வெளியே செய்யச் சொல்லும் இரத்தப் பரிசோதனையும், அரச மருந்தகத்தில் இல்லாத மாத்திரையும் பெரும்பாலும் சொந்தச் சட்டைப் பையிலிருந்துதான் போகின்றன. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் நாற்பது வீதத்துக்கும் மேலானது இப்படி மக்கள் நேரடியாகக் கொடுப்பதுதான். இலவச சேவை உள்ள நாட்டுக்கு இது சிறிய அளவல்ல.

அப்படியானால் எல்லோருக்கும் காப்புறுதி கொடுத்துவிடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தமிழ்நாட்டை உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபா வரை கிடைக்கும். ஆனால் அங்கே பல மாவட்டங்களில் தனியார் மருத்துவமனைகள் தம் சொந்த வைத்தியர்களுடன் இயங்குகின்றன. திருகோணமலையில் நிலைமை வேறு. அரச நிபுணர்தான் இரண்டு வாசலிலும் இருக்கிறார். இங்கே காப்புறுதி அட்டையைக் கொடுத்தால் வைத்தியர் ஒருவர்கூடக் கூடமாட்டார். மாலை வாசலுக்கு மட்டும் அரசு பணம் கட்டும். காலை வரிசை நீளும். அந்தப் பணத்தை நிபுணர் பணியிடங்களை நிரப்பவும், மருந்து வாங்கவும், ஆய்வுகூடத்தை மாலையிலும் திறந்து வைக்கவும் செலவிடுவதே இந்த மாவட்டத்துக்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

ஆனால் காப்புறுதி நாடுகளிடமிருந்து கற்க ஒன்று உண்டு. பணம் கட்டுபவர் யாரென்று தெரிந்த இடத்தில், பணம் வாங்குபவர் யாரென்பதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் மெடிகெயார் இணையத்தளத்தில் ஒரு வைத்தியரின் துறை, படித்த மருத்துவக் கல்லூரி, மெடிகெயார் நிர்ணயித்த கட்டணத்தை ஏற்பவரா என்பதெல்லாம் தெரியும். ரொறன்ரோவில் இருக்கும் நம் உறவினர்கள் ஒன்ராறியோ மருத்துவர் கல்லூரியின் பதிவேட்டில் வைத்தியரின் தகுதியையும், அவர்மீதான ஒழுக்காற்றுத் தீர்ப்புகளையும் பார்க்கலாம்.

இங்கேயும் பதிவேடு இருக்கிறது. மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவ சபை அதைப் பேணுகிறது. மருத்துவப் பட்டம், அதன்பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி, பிறகே முழுப் பதிவு. வெளிநாட்டில் படித்தவர் சபையின் பரீட்சையிலும் தேற வேண்டும். நிபுணராக, 1980இல் தொடங்கிய பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் எம்.டி. முடித்து, மேலதிகப் பயிற்சிக்குப் பின் சபைச் சான்றும் பெற வேண்டும். ஆயுர்வேத, சித்த வைத்தியர்களுக்கு வேறு சபை, வேறு பதிவேடு. அவர்களை உருவாக்கும் சித்த மருத்துவப் படிப்பு நமது திருகோணமலை வளாகத்திலேயே நடக்கிறது. இவர்கள் எல்லோருடைய பெயர்ப் பலகையிலும் இருப்பது ‘டொக்டர்’ என்ற ஒரே சொல்தான். எந்தப் பதிவேடு, எந்த இலக்கம் என்பதை நோயாளி எப்படி அறிவது?

இதற்குப் புதிய திணைக்களமோ பெரிய நிதியோ தேவையில்லை. சனல் துண்டில் வைத்தியரின் பதிவு இலக்கமும் துறையும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். வைத்தியருக்கு எவ்வளவு, நிலையத்துக்கு எவ்வளவு என்று கட்டணம் பிரித்துக் காட்டப்படட்டும். இதே பிரச்சினைக்கு அரச வைத்தியசாலையில் கிளினிக் எந்த நாள் என்ற ஒரு வரியும் அங்கே ஒட்டப்படட்டும். தனியார் நிலையங்களைப் பதிவு செய்யும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. மாவட்டத்தில் எத்தனை நிபுணர் பணியிடங்கள் வெறுமையாக உள்ளன என்று எவரும் எழுதிக் கேட்கலாம்.

வைத்தியரைச் சந்தேகிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 2022 நெருக்கடியில் பல வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனபோதும் இங்கேயே நின்று வேலை செய்தவர்களுக்கு இந்த மாவட்டம் கடன்பட்டிருக்கிறது. தகுதி வெளிப்படையாகத் தெரிவதால் தகுதியுள்ளவருக்கு எந்த நட்டமும் இல்லை. கடன் வாங்கிச் சனல் பண்ணும் ஒருவருக்கோ, அந்தப் பணம் உண்மையில் தேவையா, நாளை காலை கிளினிக்குக்குப் போனால் போதுமா என்று முடிவெடுக்க அந்தத் துண்டுக் காகிதமே உதவும்.