முடிவுக்கு முன்னே கூடுவோம்

வட்டக்கோட்டையைச் சுற்றிய கரையும் மலையும் நாட்டின் பெரிய அறிவியல் திட்டங்களுக்கு நெருங்கிய அக்கம்பக்கம். கடலோரமாக வடகிழக்கே போனால் கூடங்குளம் அணுமின் நிலையம். வடக்கே மலையடிவாரத்தில் இஸ்ரோ தன் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி. மேற்கே மணவாளக்குறிச்சி. அங்குள்ள கடற்கரை மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டறிந்த பிறகு, நம் கருமணல் உலகக் கவனத்துக்கு வந்தது.

இவ்வளவு அருகில் இருந்தும் அறிவியலும் ஊரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியது குறைவு. கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988-ல் கையெழுத்தானது. மத்திய அரசு வல்லுநர் குழுவை அனுப்பி மக்களுக்கு விளக்கம் சொல்ல முன்வந்தது 2011-ல், இடிந்தகரையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு உண்ணாவிரதம் இருந்த பிறகு. முடிவு முன்னே போக, விளக்கம் பின்னே வந்தது. இந்த வரிசையை மாற்றியாக வேண்டும். அதற்கான தருணம் இப்போது வந்திருக்கிறது.

உலகத் துகள் இயற்பியலாளர்கள் அடுத்த அரை நூற்றாண்டுக்கான கருவியைத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் இப்போதுள்ள துகள் மோதுவியின் சுற்றளவு 27 கிலோமீட்டர். 2012-ல் ஹிக்ஸ் போசான் என்ற துகளைக் கண்டறிந்தது அதுதான். அதன் வளையத்தில் உள்ள 1,232 பெருங்காந்தங்கள் ஒவ்வொன்றும் சுமார் 35 டன் எடை. அவற்றைத் தாங்கி, மயிரிழை பிசகாமல் நேர்நிறுத்தும் தாங்கிகள் இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையத்தின் பொறுப்பில் இந்தியாவில் செய்யப்பட்டவை. 2017 ஜனவரி முதல் செர்னில் இந்தியா இணை உறுப்பு நாடு. அடுத்த கருவி 91 கிலோமீட்டர் வளையமாக இருக்கலாம் என்று 2025 மார்ச்சில் சாத்தியக்கூறு அறிக்கை வெளியானது. முதல் கட்டத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1,500 கோடி சுவிஸ் பிராங்க் செலவாகும். அது ஓடத் தொடங்கும்போது இன்று நாகர்கோவிலில் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இளம் ஆய்வாளர்களாக இருப்பார்கள். ஆகவே இது அவர்களுடைய கருவி.

இத்தகைய திட்டங்களை இயற்பியலாளர்கள் யோசிக்கும் முறையைக் கவனியுங்கள். அமெரிக்காவில் 1982 முதல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துகள் இயற்பியலாளர்கள் கூடி, இனி எந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவது, அதற்கு எந்தக் கருவி வேண்டும் என்று விவாதிக்கிறார்கள். முதன்முதலில் கூடிய ஊரின் பெயரால் இதற்கு ஸ்னோமாஸ் என்று பெயர். கடந்த சுற்றில், 2020-ல் மட்டும், 1,500-க்கும் மேற்பட்ட குறுமுன்மொழிவுகள் வந்தன. மூத்த பேராசிரியரும் முனைவர் பட்ட மாணவரும் ஒரே மேசையில் தங்கள் யோசனையை வைக்கலாம். அதன்பின் தனியொரு குழு பணத்தைக் கணக்குப் பார்த்து, எது முதலில், எது பிறகு என்று 2023 டிசம்பரில் வரிசைப்படுத்தியது. ஐரோப்பாவில் 91 கிலோமீட்டர் வளையம் எந்த வழியாகப் போகலாம் என்பதற்கு ஏறத்தாழ நூறு வழித்தடங்களைப் பரிசீலித்தார்கள். பாறை, நீர், குடியிருப்பு, காடு என எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தார்கள். அங்கும் எதிர்ப்பு உண்டு. செலவு தாங்காது என்று ஜெர்மனி 2024-லேயே வெளிப்படையாகச் சொன்னது. ஆனால் அந்த எதிர்ப்பும் திட்டத்துக்குள்ளேயே விவாதிக்கப்படுகிறது.

ஒருமித்த கருத்து உருவாகாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் டெக்சாசில் 87 கிலோமீட்டர் வளையம் தோண்டத் தொடங்கினார்கள். மதிப்பிட்ட செலவு தொடக்கக் கணக்கைப் போல இரு மடங்கையும் தாண்டியது. மற்றத் துறை இயற்பியலாளர்கள் சிலரே நாடாளுமன்றக் குழுவின் முன் எதிர்த்துப் பேசினார்கள். 1993 அக்டோபரில், சுமார் 200 கோடி டாலர் செலவான பிறகு, திட்டம் கைவிடப்பட்டது.

நமக்கும் அப்படி ஒரு காயம் உண்டு. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில், நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய வரவிருந்த ஆய்வகம்தான் அது. நியூட்ரினோ ஆய்வில் இந்தியா முன்னோடி. 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவை உலகில் முதலில் பதிவுசெய்தவர்களில் நம் டாடா ஆய்வு நிறுவனத்தாரும் இருந்தார்கள். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த சுரங்கம் அது. அது மூடப்பட்ட பின் அந்த மரபைத் தொடர, 50,000 டன் இரும்பில் ஒரு பெருங்காந்தக் கருவியை மலைக்குள் அமைக்க நினைத்தார்கள். முதலில் நீலகிரி சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் எல்லையை ஒட்டியதால் 2009-ல் மறுக்கப்பட்டது. பிறகு பொட்டிபுரம். 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-ல் மீண்டும் அனுமதி. 2022-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்திலேயே எதிர்த்துப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. நியூட்ரினோக்களின் நிறை வரிசையைக் கண்டறியும் அதே நோக்கத்தோடு சீனா கட்டிய ஜூனோ கருவி 2025 ஆகஸ்டில் பதிவைத் தொடங்கிவிட்டது.

இதில் யார் தவறு என்று விரல் நீட்டிப் பயனில்லை. எல்லோருக்கும் பங்கு உண்டு. நியூட்ரினோ ஆபத்தான கதிர்வீச்சு, மலைக்குள் அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்கள் என்றெல்லாம் பரவியவை உண்மையல்ல. ஒரு நகத்தளவு இடத்தில் நொடிக்குச் சுமார் 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் எந்தத் தீங்குமின்றிக் கடந்துபோகின்றன. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் வெடிவைத்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப் பாதை குடைவது குறித்த அச்சமும், புலிகள் நடமாடும் வழி குறித்த கவலையும், அம்பரப்பர் மலையடிவாரத்து மக்களின் மேய்ச்சலும் நீரும் குறித்த கேள்விகளும் உண்மையானவை. பொய்யான அச்சத்துக்கு விளக்கம் தாமதமாக வந்தது. உண்மையான கேள்விக்கு மரியாதை தாமதமாக வந்தது. இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன.

இனி ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது தெளிவு. அறிவியலாளர்கள், இடத்தைத் தேர்ந்த பிறகு மக்களிடம் வருவதை விட்டு, கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போதே வர வேண்டும். அதுவும் தமிழில். அரசு, சூழல் தாக்க மதிப்பீட்டைச் சடங்காக நடத்தாமல், அதன் முழு அறிக்கையைத் தமிழில், கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும். கிள்ளியூரில் கருமணல் அகழ்வுக்காக 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டதை மறக்கக் கூடாது. கூட்டம் என்பது முடிவுக்கு முந்தைய படி என்று மக்கள் நம்பும்போதுதான் அவர்கள் வந்து உட்காருவார்கள். கட்சிகளும் இயக்கங்களும் எதிர்க்கும் உரிமையைக் கைவிட வேண்டாம். ஆனால் சரிபார்க்காத செய்தியை மேடையேற்றக் கூடாது. கல்லூரிகளும் பள்ளிகளும் இயற்பியலைத் தேர்வுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஊர்ப் பொதுவிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பொதுமக்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு திட்டத்தை ஏற்பதோ மறுப்பதோ நம் உரிமை. அதைப் படித்துப் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்டு செய்வது நம் பொறுப்பு.

இப்படிக் கூடிப் பேசுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டார் ஊர்கூடி, தங்கள் மேல் சுமத்தப்பட்ட வரிகளைக் குறித்துத் தீர்மானம் போட்டவர்கள். அரசனிடம் பேச ஊருக்கு ஒரு குரல் வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தக் குரல் இன்று அறிவியலோடும் பேச வேண்டும்.

அடுத்த மோதுவியில் இந்தியா எவ்வளவு பங்கேற்பது, பணமும் இளைஞர்களும் எங்கே போவது, நாட்டுக்குள் ஒரு நிலத்தடி ஆய்வகம் வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த நிபந்தனைகளோடு என்பவை வருங்காலக் கேள்விகள். டெல்லியும் மும்பையும் மட்டும் இவற்றுக்கு விடை எழுதக் கூடாது. இந்திய அறிவியலாளர்கள் நடத்தும் திட்டமிடல் கூட்டங்களில் ஒன்று நாகர்கோவிலில் நடக்கட்டும். அதில் மீனவர் பேசட்டும், மலையடிவார விவசாயி பேசட்டும், இயற்பியல் மாணவி பேசட்டும், அணுசக்தித் துறை அதிகாரி பதில் சொல்லட்டும். அங்கே எல்லோரும் உடன்பட வேண்டும் என்பதில்லை. எல்லோரும் கேட்கப்பட்ட பிறகு எடுக்கும் முடிவு நீதிமன்ற வாசலில் பத்தாண்டு காத்துக்கிடக்காது. நல்ல அறிவியலுக்கும் நல்ல குடிமக்களுக்கும் நாம் செய்யக்கூடிய முதல் உதவி அதுவே.