மூக்கை அளந்த கோல்

இந்தியாவில் இனவெறி உண்டா என்ற கேள்விக்கு ஆளும் வர்க்கங்களிடம் ஆயத்தமான பதில் ஒன்று எப்போதும் இருக்கிறது. இனவெறி வெள்ளையர்களின் நோய். இந்தியர்கள் அதனால் அவதிப்பட்டவர்கள். ஆகவே அவர்கள் இனவெறியர்களாக இருக்க முடியாது என்பதே அந்தப் பதில். இதற்கு வரலாறும் துணைக்கு அழைக்கப்படுகிறது. தென்னாப்பிரிக்க வெள்ளையர் அரசுடன் வணிக உறவை 1946இலேயே துண்டித்துக்கொண்ட முதல் நாடு இந்தியா. இனப் பாகுபாட்டின் அனைத்து வடிவங்களையும் ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையை 1968இல் இந்தியா ஏற்றுக்கொண்டது. மதம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றோடு இனத்தின் பெயராலும் குடிமக்களிடையே அரசு பாகுபாடு காட்டலாகாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு தடை விதிக்கிறது.

இவையனைத்தும் பெருமைக்குரியவையே. ஆனால் வெளிநாட்டு இனவெறியைக் கண்டித்த பெருமை, உள்நாட்டு இனவெறியை மறைக்கும் திரையாகவும் பயன்பட்டு வந்திருக்கிறது.

2017 மார்ச் மாதம் டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் பள்ளி மாணவர் ஒருவர் காணாமல் போனார். பக்கத்தில் குடியிருந்த நைஜீரியர்கள் அவரைத் தின்றுவிட்டார்கள் என்ற வதந்தி கிளம்பியது. மாணவர் திரும்பி வந்து, பின்னர் இறந்தார். அதன் பிறகு திரண்ட கும்பல் கண்ணில் பட்ட ஆப்பிரிக்க மாணவர்களைத் தாக்கியது. வணிக வளாகம் ஒன்றுக்குள் நாற்காலிகளாலும் குப்பைத் தொட்டிகளாலும் அவர்கள் அடிக்கப்பட்டதை நாடே காணொளியில் பார்த்தது. இது இனவெறித் தாக்குதல் என்று டெல்லியிலுள்ள ஆப்பிரிக்க நாடுகளின் தூதர்கள் கூட்டாக அறிவித்தபோது, ஒன்றிய அரசு அதை ஏற்க மறுத்தது.

அந்த மறுப்புக்கு வலுச்சேர்க்க முன்வந்த பாரதிய ஜனதா கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் தருண் விஜய், தொலைக்காட்சி விவாதமொன்றில் ஒரு வாதத்தை வைத்தார். இந்தியர்கள் இனவெறியர்களாக இருந்தால் தமிழர், மலையாளி உள்ளிட்ட தென்னிந்தியர்களோடு எப்படிச் சேர்ந்து வாழ முடியும், தங்களைச் சுற்றிலும் கறுப்பர்கள் இருக்கிறார்களே என்பது அதன் சாரம். திருவள்ளுவரை வடக்கே கொண்டுசெல்லப் பரப்புரை செய்தவர் அவர். இனவெறி இல்லை என்று நிறுவ வந்த வாக்கியமே, ‘இந்தியர்’ என்றால் யார், பொறுத்துக்கொள்ளப்படுகிறவர்கள் யார் என்ற அவரது கணக்கை அம்பலமாக்கியது. பின்னர் அவர் மன்னிப்புக் கேட்டார்.

தென்னகத்தில் எழுந்த கண்டனம் நியாயமானது. ஆனால் அந்தக் கண்டனத்துக்குள் இருவேறு கோபங்கள் கலந்திருந்தன. கறுப்பு என்றால் இழிவு எனக் கருதும் சிந்தனையின் மீது எழுந்த கோபம் ஒன்று. தம்மைப் போய்க் கறுப்பர் என்று சொல்லிவிட்டாரே என்ற கோபம் மற்றொன்று. முதலாவது இனவெறிக்கு எதிரானது. இரண்டாவதோ இனவெறியின் ஏணியை ஏற்றுக்கொண்டு, அதில் தனக்கு ஒரு படி மேலே இடம் கேட்பது. தாக்குதலுக்குள்ளான நைஜீரிய மாணவர்களைப் பற்றி இரண்டாவது கோபத்துக்கு எந்த அக்கறையும் இல்லை. பாதிக்கப்பட்டவர் என்ற நிலையே ஒருவரை இனவெறியிலிருந்து விடுவித்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

நீளும் பட்டியல்

2012 ஆகஸ்டில், தாக்குதல் நடக்கப்போகிறது என்ற வதந்தியால் ஆயிரக்கணக்கான வடகிழக்கு மாநிலத்தவர் பெங்களூருவை விட்டு ஓடினர். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. 2014 ஜனவரியில், அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா டெல்லி லாஜ்பத் நகரில் தம் தலைமுடியைக் கேலி செய்தவர்களைத் தட்டிக்கேட்டதால் தாக்கப்பட்டு, மறுநாள் உயிரிழந்தார். 2016 ஜனவரி இறுதியில், பெங்களூருவில் சூடான் நாட்டவர் ஒருவர் ஓட்டிய கார் மோதி உள்ளூர்ப் பெண் இறந்தார். அந்த விபத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் பின்னர் அவ்வழியே வந்த தான்சானிய மாணவியைக் கும்பல் இழுத்துப்போட்டு அடித்து, ஆடையைக் கிழித்தது. ஒருவர் செய்ததற்கு அவரது நிறத்தைக் கொண்ட அனைவரும் பொறுப்பு என்ற இனவெறித் தர்க்கம் அன்று நடுத்தெருவில் செயல்பட்டது. 2020 மார்ச்சில் கொரோனா பரவத் தொடங்கியதும், மணிப்பூரி, நாகா, மிசோ மக்கள் பெருநகரங்களில் ‘கொரோனா’ என்ற பெயராலேயே அழைக்கப்பட்டார்கள்.

நிடோ தானியாவின் மரணத்தைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட பெஸ்பரூவா குழு 2014 ஜூலையில் தன் அறிக்கையை அளித்தது. இன அடிப்படையிலான வசைகளையும் தாக்குதல்களையும் பிணையில் விடமுடியாத குற்றமாக்கும் தனிப்பிரிவுகளை அது பரிந்துரைத்தது. அவை சட்டமாகவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதா, ஐந்து பேருக்குக் குறையாத கும்பல் செய்யும் கொலையிலும் கொடுங்காயத்திலும் இனத்தைக் காரணமாகக் குறிப்பிடுகிறது. கும்பல் கூடும்வரை நாள்தோறும் தெருவிலும் வகுப்பறையிலும் வீசப்படும் வசைக்கு, அந்தக் குழு கேட்ட தனிப்பிரிவு இன்றும் இல்லை.

அளவுகோலின் வரலாறு

வடகிழக்கு மக்களை நோக்கி வீசப்படும் வசைகள் பெரும்பாலும் கண்ணையும் மூக்கையும் பற்றியவை. மூக்கை வைத்து மனிதரை மதிப்பிடும் வழக்கத்துக்கு இந்நாட்டில் அரசு முத்திரையிட்ட வரலாறு உண்டு. பிரிட்டிஷ் அதிகாரி ஹெர்பர்ட் ரிஸ்லி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் மக்களின் மூக்கை அளந்தார். மூக்கின் அகலம் கூடக்கூடச் சாதியின் படிநிலை இறங்குகிறது என்று வாதிட்டார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்தவரும் அவரே. ஆதிக்க சாதிகளுக்கு இந்த ‘அறிவியல்’ இனித்தது. வெள்ளை எசமானனோடு தங்களுக்கு ஆரிய உறவு இருப்பதாக அது சொன்னது. 1948இல் வெளியான தீண்டத்தகாதோர் குறித்த நூலில் அண்ணல் அம்பேத்கர், அதே மூக்களவுக் கணக்குகளைக் கொண்டே பிராமணரும் தீண்டத்தகாதோரும் வெவ்வேறு இனத்தவர் அல்லர் என்று நிறுவி, அந்தக் கோட்பாட்டைத் தகர்த்தார்.

கோட்பாடு தகர்ந்தது, பழக்கம் தகரவில்லை. இந்தியாவின் இனவெறி ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான சரக்கு மட்டுமன்று. யாருடைய உணவு தூய்மையானது, யாருடைய பெண்கள் ஒழுக்கமானவர்கள், யாருக்கு வீடு தரலாம் என்று பிறப்பை வைத்து முடிவுசெய்யும் சாதிய மனம், புதிதாக எதிர்ப்படும் மனிதரையும் அதே தராசில் நிறுத்துகிறது. 2007இல் டெல்லி காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்கென வெளியிட்ட கையேடு, மூங்கில் குருத்து, அகுனி போன்ற மணமுள்ள உணவுகளை அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் சமைக்கும்படியும் உடையில் கவனமாக இருக்கும்படியும் அறிவுரை கூறியது. தாக்கப்படுகிறவர் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது சேரிகளுக்குக் காலங்காலமாகச் சொல்லப்பட்ட அதே அறிவுரை.

மூலதனமும் இந்தத் தராசை விற்றுப் பிழைக்கிறது. 1975இல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு, அமெரிக்காவில் ஜார்ஜ் பிளாய்ட் கொல்லப்பட்டு உலகெங்கும் போராட்டம் வெடித்த 2020இல்தான் தன் பெயரிலிருந்து சிவப்பழகைக் குறிக்கும் சொல்லை நீக்கியது. பெயர் மாறியது, மணமகள் தேவை விளம்பரங்களில் நிறம் பற்றிய நிபந்தனை மாறவில்லை.

முற்போக்கு முகாமுக்குள்

இதுவரை சொன்னவற்றை ஏற்பதில் இடதுசாரிகளுக்குத் தயக்கம் இராது. கேள்வி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சங்கப் பரிவாரத்தின் வெறுப்பரசியலை எதிர்ப்பவர் என்பதாலேயே ஒருவர் இந்தத் தப்பெண்ணங்களிலிருந்து விடுபட்டுவிடுவதில்லை. பாலஸ்தீனத்துக்காக முழக்கமிட்டுத் திரும்புகிறவர், தம் வீட்டு மாடியை ஆப்பிரிக்க மாணவருக்கு வாடகைக்கு விடத் தயங்கலாம். “எனக்கொன்றுமில்லை, அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ” என்பதே அந்தத் தயக்கத்தின் வழக்கமான மொழி. மணிப்பூரில் பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கண்டித்துப் பேசுகிறவர், அழகு நிலையத்தில் பணிபுரியும் மணிப்பூரிப் பெண்ணின் ‘ஒழுக்கம்’ பற்றிய நகைச்சுவைக்குச் சிரித்துவிடலாம்.

தமிழ்நாட்டுத் தொழிற்பேட்டைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் ‘வடக்கன்’ என்ற சொல் எவ்வளவு எளிதாகப் புழங்குகிறது என்பதைத் தொழிற்சங்க ஊழியர்கள் அறிவார்கள். இந்தித் திணிப்பை எதிர்ப்பது ஜனநாயகக் கடமை. அந்தக் கோபத்தை, குறைந்த கூலிக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலைவாங்கப்படும் பீகார், ஒடிசா தொழிலாளியின் தலையில் இறக்குவது ஒப்பந்தக்காரருக்குச் செய்யும் சேவை. இங்கிலாந்துத் தொழிலாளிக்கு ஐரிஷ் தொழிலாளி மீதிருந்த வெறுப்பே அந்நாட்டுத் தொழிலாளி வர்க்கத்தின் கையறு நிலைக்குக் காரணம் என்று 1870இல் மார்க்ஸ் தம் கடிதமொன்றில் சுட்டிக்காட்டினார். அந்த வெறுப்பைப் பத்திரிகைகளும் பிரசங்க மேடையும் வளர்த்துவிடுவதையும் அவர் கவனித்தார். இன்று அந்தப் பணியை வாட்ஸ்அப் செய்கிறது.

ஹார்லெம் தந்த பாடம்

தன் அணிகளுக்குள் இருக்கும் இனவெறியைத் தொழிலாளர் இயக்கம் எப்படி எதிர்கொள்வது? இதற்கு அமெரிக்கக் கம்யூனிஸ்ட்டுகளின் அனுபவம் கவனத்துக்குரியது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பின்லாந்திலிருந்து குடியேறிய தொழிலாளர்களின் மன்றம் ஒன்று இருந்தது. அங்கு நடந்த நடன நிகழ்ச்சிக்கு வந்த மூன்று கறுப்பினத் தொழிலாளர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டு, வெளியேற்றப்படுவார்கள் என மிரட்டப்பட்டனர். அங்கிருந்த கட்சி உறுப்பினர்கள் வாய் திறக்கவில்லை. கட்சி விசாரித்தபோது மற்றவர்கள் தவறை ஒப்புக்கொண்டனர். மன்றத்தின் பராமரிப்புப் பணியாளரும் கட்சி உறுப்பினருமான ஆகஸ்ட் யோக்கினன் மட்டும் அதை நியாயப்படுத்தினார். இவர்களை உள்ளே விட்டால் நாளை குளியலறைக்கும் வருவார்கள், அவர்களோடு சேர்ந்து குளிக்கத் தமக்கு விருப்பமில்லை என்பது அவரது வாதம். மகத் குளத்து நீருக்காக 1927இல் அம்பேத்கர் நடத்திய போராட்டத்தை அறிந்த இந்திய வாசகருக்கு இந்த வாதம் புதிதாக இராது.

1931 மார்ச் 1 அன்று யோக்கினன் மீது வெளிப்படையான மக்கள் விசாரணை நடந்தது. பெருங்கூட்டம் திரண்டது. நடுவர் குழுவில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சம எண்ணிக்கையில் இடம்பெற்றனர். குற்றச்சாட்டை முன்வைத்தவர் வெள்ளையரான கிளாரன்ஸ் ஹாத்வே. யோக்கினனுக்காக வாதாடியவர் கறுப்பினத் தோழர் ரிச்சர்ட் மூர். இந்த நஞ்சை ஊட்டி வளர்த்த முதலாளித்துவ அமைப்பே முதற்குற்றவாளி என்று மூர் வாதிட்டார். யோக்கினன் தம் குற்றத்தை ஏற்றார். அவர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். கூடவே, மீண்டும் சேர்வதற்கான வழியும் வகுத்துத் தரப்பட்டது: அதே மன்றத்துக்குத் திரும்பிச் சென்று இனவெறிக்கு எதிராகப் பேச வேண்டும், கறுப்பினத்தவருக்கு உணவளிக்க மறுத்த ஹார்லெம் உணவகத்துக்கு எதிரான போராட்டத்தில் முன்னிற்க வேண்டும். விசாரணையைத் தொடர்ந்து அமெரிக்க அரசு அவரைக் கைது செய்து நாடுகடத்த முற்பட்டபோது, அவரைத் தண்டித்த அதே இயக்கம் அவருக்காகப் போராடியது.

இதே வரலாற்றின் மறுபக்கமும் மறைக்கப்படக் கூடாது. 1940களின் இறுதியிலும் அடுத்து வந்த சில ஆண்டுகளிலும், அரசின் கொடும் அடக்குமுறைக்கு நடுவே, அதே கட்சி நடத்திய ‘வெள்ளைப் பேரினவாத’ எதிர்ப்பு இயக்கம் திசைமாறியது. வாய்தவறி வந்த ஒரு சொல்லுக்காகவும் உறுப்பினர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. ஒருவரையொருவர் சந்தேகிக்கும் நிலையில் அமைப்பு உள்ளுக்குள் நலிந்தது. 1931இல் தண்டனை, மக்களோடு சேர்ந்து செய்யவேண்டிய வேலையாக இருந்தது. பிற்காலத்தில் அது தூய்மைச் சடங்காயிற்று. சடங்கால் எந்த உணவகத்தின் கதவும் திறக்கவில்லை.

செய்ய வேண்டியது

தன் மனத்திலுள்ள இனவெறியை இனங்காண்பது குற்றவுணர்வில் மூழ்குவதற்காக அன்று. தப்பெண்ணம் தனிமனிதர் பிறக்கும்போதே கொண்டுவருவது அன்று. வீட்டிலும் பள்ளியிலும் திரையிலும் சந்தையிலும் கற்பிக்கப்படுவது. கற்றதை மறக்கவும் முடியும். ஆனால் அறையில் அமர்ந்து சிந்திப்பதால் மட்டும் அது நிகழாது. சேர்ந்து உண்ணும்போதும், சேர்ந்து வேலைநிறுத்தம் செய்யும்போதும், ஒரே காவல்நிலையத்தின் முன் சேர்ந்து நிற்கும்போதும்தான் பழைய பாடம் அழிகிறது.

எனவே பணிகள் திட்டவட்டமானவை. பெஸ்பரூவா குழுவின் பரிந்துரைகளைச் சட்டமாக்கக் கோரும் இயக்கத்தை வடகிழக்கு மாணவர் அமைப்புகளிடம் விட்டுவிடாமல், இடதுசாரித் தொழிற்சங்கங்களும் மாணவர் சங்கங்களும் தங்கள் கோரிக்கையாக ஏற்க வேண்டும். புலம்பெயர் தொழிலாளர் உள்ள ஆலைகளில் சங்கத் துண்டறிக்கை அவர்கள் மொழியிலும் வர வேண்டும். கிளைப் பொறுப்புகளில் அவர்கள் அமர வேண்டும். ஊர்வலத்தின் எண்ணிக்கைக்கு மட்டும் அழைக்கப்படும் நிலை முடிவுக்கு வர வேண்டும். வீடு வைத்திருக்கும் தோழர்களின் வாசலில் யாருக்கு இடம் மறுக்கப்படுகிறது என்ற கேள்வி கிளைக் கூட்டத்தில் கூச்சமின்றி எழ வேண்டும். கேட்பவர் நீதிபதியாகவும் பதிலளிப்பவர் குற்றவாளியாகவும் ஆகிவிடாத தோழமையோடு அது எழ வேண்டும்.

ரிஸ்லியின் அளவுகோல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேரவில்லை. அது வாடகை ஒப்பந்தத்திலும் திருமண விளம்பரத்திலும் சங்க அலுவலகத்தின் கேலிப் பேச்சிலும் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதைப் பிறர் கையிலிருந்து பறிப்பதற்கு முன், தன் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது சமத்துவத்துக்காகப் போராடும் எவருக்கும் முதற்கடமை.