துத்தநாக விரல் என்னும் பெயர்

இலக்கியமே எமது துறையாயினும், நம் கல்லூரியின் உயிரியற் கூடத்தில் வழங்கும் பெயர்கள் எம் செவிக்கு எட்டாதன அல்ல. "மறுசேர்க்கை மாந்தத் துத்தநாக விரற்புரதம்" என்று ஒரு பொருளை யாம் தமிழிற் கூறக்கேட்டு அறிவியல் மாணவர் சிலர் நகைத்தனர். 'ஜிங்க் ஃபிங்கர்' என்றாற் போதாதோ என்பது அவர்தம் கொள்கை. போதாது என்பதே எமது துணிபு.

அப்பொருள் யாதென முதலிற் காண்போம். நம் உயிரணுக்களில் மரபுச் செய்தி டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் அமைந்துளது. அவ்விழையில் எவ்விடம் எக்காலத்திற் படிக்கப்படல் வேண்டும் என்று ஏவவும் தடுக்கவும் புரதங்கள் பல உள. அவற்றுள் துத்தநாக விரலுடையன ஒரு பெருங்குடி. மாந்தரிடத்து மட்டும் இக்குடிக்குரிய மரபணுக்கள் ஏறத்தாழ 700. விரலாவது 30 அமினோ அமிலங்கள் வரை கோத்த சிறு சங்கிலி. மிகப் பழகிய வகையில், இரண்டு சிஸ்டீனும் இரண்டு ஹிஸ்டிடினும் ஒரு துத்தநாக அயனியை நடுவிற் பற்றிக்கொள்ளச் சங்கிலி மடிந்து உருப்பெறுகின்றது. துத்தநாகத்தை அகற்றின் அவ்வுருக் குலைந்துபோம்.

1985-இல் கேம்பிரிட்ஜில் ஆரன் க்ளூக் என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தோரும், ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டையணுவிலிருந்து பெற்ற புரதமொன்றில் இவ்வுறுப்பு ஒன்பது முறை அடுத்தடுத்து வரக் கண்டனர். டி.என்.ஏ.வைப் பற்றும் உறுப்பாதலின் விரல் எனும் பெயர் வாய்த்தது. நன்னூல் பயின்றவர் இதனை உவமையாகுபெயர் என்பர். ஆறாண்டு கழித்து, 1991-இல், பாவ்லெட்டிச், பாபோ என்னும் இருவர் எலிப்புரதம் ஒன்றின் மூன்று விரல்கள் டி.என்.ஏ.வின் அகன்ற பள்ளத்திற் பொருந்தியிருக்கும் நிலையைப் படிக ஆய்வாற் காட்டினர். ஒவ்வொரு விரலும் ஏறக்குறைய மும்மூன்று எழுத்துக்களைத் தொட்டுக்கொண்டிருந்தது! ஏட்டின்மேல் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவன் நம் நினைவிற்கு வாரானோ? பெயரிட்டகாலை இருந்ததினும் பின்னரே உவமை பெரிதும் பொருந்திற்று.

'ஃபிங்கர்' என்று ஒலியை மட்டும் ஏற்பின் இவ்வளவும் மறைந்துபோம். துத்தநாகமோ நமக்குப் புதிய சொல்லன்று. போர்த்துக்கீச வணிகர் வாயிலாக ஆங்கிலம் வரை சென்று 'டூட்டனேக்' என வழங்கியது இந்திய மொழிகளின் இச்சொல்லே. நம் சரக்கு அயல்நாடு சென்றிருக்க, நாம் அதனை நாணிக் கைவிடுவதா?

அங்ஙனமாயின் சிஸ்டீனை ஏன் மொழிபெயர்த்திலீர் என்று வினவலாம். தக்க வினாவே. சிறுநீர்ப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அப்பெயர் வந்தது. அதனோடு நெருங்கிய சிஸ்டின் எனும் பொருள் முதலில் அப்பையிலிருந்த கல்லிற் கிடைத்தமையே காரணம். ஆங்கிலம் படிப்போரிலும் அதனை நினைப்பார் அரியர். உவமை உயிரோடிருக்கும் பெயரையே பொருளாற் பெயர்க்கவேண்டும் என்கிறோம்.

எஞ்சிய இரு சொற்களே மிகுந்த கவனத்திற்குரியன. சிறு குப்பியில் வரும் இப்புரதம் பெரும்பாலும் எந்த மாந்தனுடலிலிருந்தும் எடுத்ததன்று. மாந்த மரபணுவை ஈ.கோலி என்னும் பாக்டீரியத்துட் புகுத்தி, அதன் உழைப்பால் ஆக்கப்படுவது. பிரித்தெடுத்தற்பொருட்டு ஆறு ஹிஸ்டிடின்களை வாலாக ஒட்டுவதும் உண்டு. அவ்வால் நிக்கலைப் பற்றிக்கொள்ளும். விரலினுள்ளே துத்தநாகத்தைப் பற்றும் அதே ஹிஸ்டிடின் இங்கே கைப்பிடியாகின்றது, வியப்பன்றோ! எழுத்துவரிசை மாந்தனுடையதாதலின் 'மாந்த' என்பது தகும். ஆயின் நம் உயிரணு புரதத்தை ஆக்கியபின் அதன்மேற் செய்யும் வேதி மாற்றங்கள் பலவற்றைப் பாக்டீரியம் செய்வதில்லை. எனவே குப்பியிற் கண்டதை உடலிற் கண்டதாகக் கூறுதல் பிழைபடும். 'மறுசேர்க்கை' என்னும் முற்சொல் அதனை நினைப்பூட்டுவது. 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று பொறித்திருப்பதும் நோயாளிக்குரிய மருந்தாகச் சோதித்து ஒப்பப்பட்டதன்று என்பதனாலேயே. ஆங்கில எழுத்தை நாடோறுங் கண்டு பழகிய கண் இவற்றைத் தாண்டிச் செல்லுதல் எளிது.

மரபணுக்களுக்கிட்ட இசட்.என்.எஃப். முதலிய குறிகளையும் எண்களையும் யாம் தொடோம். அவை உலகப் பொதுப் பேரேட்டின் அடையாளங்கள். கூடத்தின் குளிர்பெட்டியில் உள்ள குப்பிகளின் பட்டியலில் ஆங்கிலப் பெயரின் கீழ்த் தமிழ்ப் பெயரையும் எழுதி ஒட்டுமாறு உயிரியல் மாணவரை வேண்டுகிறோம். 'மறுசேர்க்கை' என்பது மட்டும் எமக்கு முற்றும் நிறைவு தரவில்லை. எதனோடு எது சேர்ந்தது என அது கூறவில்லை. அதனினும் நல்ல சொல் காண்பார் அடுத்த மலருக்கு எழுதி விடுப்பாராக.